மூன்று கிலோ நூற்றெண்பது கிராம்

குழந்தைவேலு தோட்டாக்களை எடுத்து வைத்துவிட்டு, துப்பாக்கியை அரிசி நிறுக்கும் கொக்கித் தராசில் மூன்றாவது தடவையாகத் தொங்கவிட்டார்.

மூன்று கிலோ அறுபது.

காலையில் மூன்று கிலோ நூற்றெண்பது இருந்தது. தோல் வாரைக் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டியாயிற்று. பின்கட்டையின் முனையில் இருந்த ரப்பரையும் பிடுங்கியாயிற்று. இவ்வளவு செய்தும் குறைந்தது நூற்றிருபது கிராம்தான்.

இருபத்து நான்கு வருஷம் அவர் கீழே மரக்கிடங்கில் இருந்தவர். ஐம்பத்தோரு வயதில் வனக்காப்பாளராக இந்த மலைமுகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். நாளை விடிந்ததும் மூன்று நாள் ரோந்து. 

பத்து நாளுக்கு முன்பு போன ரோந்து அப்படி. ஏற்றத்தில் தோள் விட்டுப்போக, அவர் துப்பாக்கியைக் காவலர் ஜடையனிடம் கொடுத்துவிட்டார். ஜடையனும் இன்னொரு காவலரான மசணனும் முன்னால் போய்விட்டார்கள். அவரைக் காணோமே என்று மசணன் தேடித் திரும்பி வந்த நேரம், வளைவில் ஒற்றை யானை நின்றது. மசணன் பள்ளத்தில் குதித்தான். இடது கையில் இன்னும் கட்டு இருக்கிறது. கொஞ்சம் பிந்திக் குதித்திருந்தால் அவன் இல்லை. அவனுக்கு ஏழு மாதத்துப் பெண்குழந்தை.

கண்ணை மூடினால் குழந்தைவேலுவுக்கு அந்த வளைவுதான் வந்தது.

அவர் உளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முகாமின் பொறுப்பு தெய்வானையிடம். வனவர். அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். புதிதாக மலைக்கு வருகிறவர்களை அவரிடம்தான் பழக விடுவார்கள். அதனால் காவலர்கள் அவரை 'வாத்தியாரம்மா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால்.

தெய்வானை வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"இந்தக் கட்டையை உள்ளாறக் கொஞ்சம் குடைஞ்சுக்கட்டுமுங்களா? வெளிய தெரியாது. அரைக் கிலோ குறையுமுங்க."

அடுப்படியில் இருந்த ஜடையன் எட்டிப் பார்த்தான். "குடைங்க கார்டு சார். ரப்பரையும் எடுத்தாச்சு, கட்டையும் காலியாச்சுன்னா வெடிக்கிறப்ப அது உதைக்கிற உதையில யானைக்கு முன்னாடி நீங்க விழுந்துருவீங்க. யானை பரிதாபப்பட்டுத் திரும்பிப் போயிரும்."

மசணன் சிரித்தான். குழந்தைவேலுவால் சிரிக்க முடியவில்லை.

"எனக்குத் தோளு தாங்கலீங்க மேடம். என்னால நடை தாமதமாகுது. என்னால ஒரு உசுரு போயிருமோன்னு..." அவர் பார்வை மசணனின் கைக்கட்டில் போய் நின்றது.

தெய்வானை பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் மீட்டிங்குக்குக் கீழ போயிருந்தேன். நீங்க நடந்து நான் பாத்ததில்லை. வாங்க, மொட்டைப்பாறை வரைக்கும் போய்ட்டு வரலாம். எல்லாரும்."

"இப்பவா மேடம்? சோறு வெந்துட்டிருக்கு," என்றான் ஜடையன்.

"இறக்கி வெச்சுட்டு வா. வந்து திங்கலாம்."

துப்பாக்கியில் மறுபடி ரப்பரை வைத்து முடுக்கச் சொன்னார். தோல் வாரையும் மாட்டச் சொன்னார். இரண்டு தோட்டாக்களைப் போட்டு அதை ஜடையனிடம் நீட்டினார். "ஏறும்போது உங்கிட்ட."

குழந்தைவேலு வெறுங்கையோடு ஏறினார். தோள் காற்றாக இருந்தது. முதல் கால்மணி நேரம் அவர் அவர்களை ஒட்டியே நடந்தார். பிறகு மூச்சு வாங்கியது. ஒரு மரத்தைப் பிடித்து நின்று நிமிர்ந்தபோது கடைசியாகப் போன தெய்வானையின் தொப்பி மட்டும் தெரிந்தது. அடுத்த வளைவில் அதுவும் இல்லை.

மூங்கில் முறியும் சத்தம் கேட்டது.

அவர் நின்றார். குரங்காக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கூப்பிடலாமா? கூப்பிட்டால் யாராவது திரும்பி வருவார்கள். மசணன் வருவான். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார். இரண்டு தடவை கால் இடறியது.

மொட்டைப்பாறையில் மூவரும் நெல்லிக்காய் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன கார்டு சார், மழையில நனைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றான் ஜடையன்.

அவர் பாறையில் சரிந்து உட்கார்ந்தார். தெய்வானை மணியைப் பார்த்தார். "நாங்க வந்து இருபது நிமிஷம் ஆச்சு."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்கள். தெய்வானை துப்பாக்கியை வாங்கிக் குழந்தைவேலுவின் தோளில் மாட்டினார்.

"இப்ப மேற்குப் பக்கமாச் சுத்திப் போவோம். அங்கயும் ஒரு ஏத்தம் இருக்கு. இதே அளவு."

துப்பாக்கி தோளெலும்பில் உட்கார்ந்தது. பத்தடி நடப்பதற்குள் வலிக்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் அவர் வலது தோளிலிருந்து இடதுக்கும், இடதிலிருந்து வலதுக்கும் மாற்றினார். நாளை முழுவதும் இப்படி. நாளை மறுநாளும். நின்றார், நடந்தார், மறுபடி நின்றார். ஒவ்வொரு தடவை நின்றபோதும் வெட்கமாக இருந்தது.

ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஜடையன் ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். முள் போலும். அடுத்த தடவை மசணன் பழைய யானை லத்தியைக் குச்சியால் கிளறி, எந்த நாளுடையது என்று ஆராய்ந்துகொண்டிருந்தான். அதற்கடுத்த தடவை தெய்வானை குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அது அவிழ்ந்த மாதிரியே தெரியவில்லை.

ஏற்றம் முடியும்வரை மூவரின் முதுகும் அவர் கண்ணை விட்டு மறையவில்லை.

முகாமுக்கு வந்ததும் அவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைக்குள் கைவிட்டுத் தோளைத் தொட்டுப் பார்த்தார். கன்றிப்போயிருந்தது.

"எவ்வளவு நேரமுங்க மேடம்?"

"போனதைவிட அரைமணி நேரம் கூட."

அவர் தலை தாழ்ந்தது. "அப்ப நான் சொன்னது சரிதானுங்களே. இது என்கிட்ட இருந்தா எல்லாருக்கும் தாமதம். கட்டையைக் குடைய வேண்டாமுங்க. நாளைக்கு ஜடையனே தூக்கட்டும். அவன்தான் நல்லா ஏறுறான். மதியத்துக்குள்ள உச்சிக்குப் போயிரலாம்."

"போயிரலாம்," என்றார் தெய்வானை. "நீங்க?"

குழந்தைவேலு சுவரில் சாய்ந்திருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

தெய்வானை தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியை அவர் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆனை இருக்கிற காட்டுல துப்பாக்கி பின்னால வரும்போது ஒருத்தரும் முன்னால ஓட மாட்டாங்கண்ணா. நான் இங்க வந்த நாள்லருந்து, யாரு கடைசியா நடக்கிறாங்களோ அவங்ககிட்டதான் இதைக் குடுக்கிறேன்."