தயிருக்கும் வேலை கொடுத்த கொழுந்து

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், திங்கட்கிழமை காலை சபை கூடியது. நடுவே சிங்காதனத்தில் அரசர் உத்தமராயர். வலப்பக்கம் பிரதானி அனந்தப்பர். இடப்பக்கம் ஓலை எழுதும் ராயசக்காரர். அவருக்குப் பின்னே, தூணில் சாய்ந்தபடி விகடன் மலைக்கொழுந்து.

அந்நாட்டில் ஒரு வழக்கம். ஆண்டுதோறும் ஆடி பிறக்குமுன், எங்கும் இல்லாத புதுப்பொருள் ஒன்றை மலைநாட்டு அரசருக்கு அனுப்ப வேண்டும். பார்த்து மகிழ்ந்தால்தான் அவர் அணையைத் திறப்பார். வயல்களுக்குத் தண்ணீர் வரும். இந்த ஆண்டு ஆனி முடியப்போகிறது, ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"ஏன் தோன்றவில்லை?" என்று சீறினார் அரசர்.

"சோம்பல், மகாராஜா!" என்றார் பிரதானி. "புன்னைமரத்து ஊஞ்சலில் வானத்தைப் பார்த்தபடி ஆடுகிறாரே கொழுந்து, அவரைக் கண்டு அரண்மனையே கெட்டுவிட்டது."

"அப்படியா? இன்று முதல் இங்கே எவரும், எதுவும் சும்மா இருக்கக் கூடாது. கொழுந்து, வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பொருள் வர வேண்டும். இல்லையேல் நீர் நாட்டை விட்டுப் போகலாம். அனந்தப்பரே, நீரே மேற்பார்வை!"

பிரதானிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஊஞ்சலைக் கழற்றினார். நெல் குத்து, தண்ணீர் இறை, கொள்ளு அவி என்று கொழுந்தை விரட்டினார். அவன் யோசிக்கச் சற்றே உட்கார்ந்தாலும், "என்ன ஓய், கை ஓய்ந்திருக்கிறது?" என்று குரல் வரும்.

வியாழக்கிழமை காலை விறகு சுமந்து மடைப்பள்ளிக்குப் போனான் கொழுந்து. சமையல்கார உமையாள் பாலில் உறை ஊற்றிப் பானையை மூலையில் வைத்தாள்.

"அம்மா, இந்தப் பானை என்ன செய்யும்?"

"என்ன செய்யும்? சும்மா இருக்கும். சாயங்காலம் தயிராகும்."

கொழுந்துக்குப் பளிச்சென்றது. அந்நேரம் பிரதானியும் எட்டிப் பார்த்தார்.

"பிரதானியாரே, பானை சும்மா இருக்கலாமா?"

"எதுவும் சும்மா இருக்கக் கூடாது என்பதுதானே கட்டளை!"

"கேட்டீரா அம்மா? எடும் மத்தை!"

அன்று மாலை அரசர் தயிர்ச்சோறு கேட்டார். ஊற்றியது இலை தாண்டி ஓடியது.

"இது தயிரா, கழுநீரா? யார் வேலை இது?"

"பிரதானியாரின் உத்தரவு, மகாராஜா" என்று கைகட்டி நின்றான் கொழுந்து. "காலை முதல் ஓயாமல் கடைந்தோம். இவ்வளவு உழைத்த பானை இந்த அரண்மனையிலேயே இல்லை."

"உறை ஊற்றினால் அசைக்காமல் வைக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியுமே ஓய்!"

"பாலுக்கு உள்ள நியாயம் மூளைக்குக் கிடையாதா, மகாராஜா? திங்கட்கிழமை முதல் என்னையும் அல்லவா கடைகிறார்! எங்கே உறையும்?"

அரசர் கைகூடக் கழுவாமல் எழுந்தார். "கட்டுங்கள் அந்த ஊஞ்சலை! நாளை முதல் தினமும் ஒரு நாழிகை எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். அனந்தப்பரே, முதலில் நீர் ஏறி உட்காரும்!"

வெள்ளிக்கிழமை. ஊஞ்சலில் பிரதானி, மரத்தடியில் கொழுந்து. கெடு அன்றோடு முடிகிறது. பிரதானிக்கோ தலைப்பாகைக்குள் வியர்வை.

"விசிறிக்காரன் எங்கே?"

"அவனும் சும்மா இருக்கிறான் ஐயா. கட்டளை."

பிரதானி முணுமுணுத்தபடி ஆடினார். கிளையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். திடீரென்று துள்ளினார். "ஓய் கொழுந்து! கிளையில் ஒரு விசிறியைத் தொங்கவிட்டு இந்தக் கயிற்றோடு பிணைத்தால், ஆட ஆட அது தானே வீசாதோ?"

"வீசும் ஐயா, வீசும்!" கொழுந்து பாய்ந்து மரமேறினான்.

கட்டி முடிந்ததும் அரசரே ஏறி ஆடினார். விசிறி விசுக் விசுக்கென்று வீச, வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தின் கழுத்தில் போட்டார்.

"மகாராஜா, எண்ணம் என்னுடையது!" என்று பதறினார் பிரதானி.

"உம்முடையதுதான். உம்மைச் சும்மா உட்காரவைத்தது யார்?"

ராயசக்காரர் ஓலை எழுதினார்: 'இத்துடன் ஊஞ்சல் விசிறி ஒன்று வருகிறது. தாங்கள் ஏறி ஆடிப் பார்த்து, அணையைத் திறந்தருள வேண்டியது.' அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அரக்கு இறுகும்வரை ஓலையை எவரும் அசைக்கவில்லை. இறுகியதும் குதிரை மலைநாட்டுச் சாலையில் பறந்தது.