முதல் பரிசு வாங்கிய இட்லி

திருமங்கலத்து மெஸ் ஒன்றின் அடுப்படியில் கிரைண்டர் டீச்சர் பள்ளிக்கூடம் நடத்திவந்தாள். வருகிற பிள்ளைகளை அரைத்து ஆளாக்கி, பூப்போல இட்லியாக வெளியே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் படிப்பு. நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து, கூடவே ஒரு கை வெந்தயம். சேர்க்கையில் அந்தப் பங்கை அவள் என்றைக்கும் குறைத்ததில்லை.

ஒருநாள் சந்தையிலிருந்து தராசு ஐயா வந்திறங்கினார். அடேயப்பா, என்ன மிடுக்கு!

"டீச்சர், இனிமே பள்ளிக்கூடங்களுக்குள்ள போட்டி. யார் சீக்கிரம் அரைக்கிறாங்களோ, யாரோட இட்லி எடை நிக்குதோ, அவங்களுக்குத்தான் கரண்ட். மத்ததை இழுத்து மூடிடுவோம்."

டீச்சர் சுற்றுவதை நிறுத்தினாள். "உளுந்து அரைபட நேரம் பிடிக்குமே சார்? தண்ணி தெளிச்சுத் தெளிச்சுக் கவனிக்கணும்."

"பின்ன எதுக்கு அதைச் சேர்க்கிறீங்க? கறுப்புத் தோலு வேற. வெந்தயம் ஒரே கசப்பு. அரிசியைப் பாருங்க, பளிச்சுன்னு! தரம்னா அது."

அரிசிக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சருக்கோ மனசே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களே என்ற பயம் யாரை விட்டது? உளுந்தையும் வெந்தயத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். வெந்தயம் முறைத்துக்கொண்டே போனது.

போட்டிக்கு அரிசி மட்டும் மளமளவென்று அரைபட்டது. மாவு என்ன செய்தும் பொங்கவில்லை. வெந்து வந்த இட்லி தட்டில் 'டங்' என்று விழுந்தது. தராசு ஐயா ஏற்றிப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

"என்ன கனம், என்ன கனம்! முதல் பரிசு!"

கைதட்டல் ஓய்வதற்குள், சாப்பிட வந்த லாரி டிரைவர் சுடலைமுத்து ஒரு வாய் கடித்தார்.

"ஏம்மா, இது இட்லியா, இல்ல சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கல்லா?"

பல்லைத் தடவிக்கொண்டே எழுந்து போனார். வரிசையில் நின்ற மற்றவர்களும் நைசாக நழுவிவிட்டார்கள்.

இட்லி தட்டிலேயே கிடந்து தேம்பியது. "டீச்சர், நான்தானே ஃபர்ஸ்ட்டு? ஏன் யாருமே என்னைத் தொடமாட்டேங்கிறாங்க?"

டீச்சருக்கு மனசு ஆறவில்லை. கரண்ட் போனால் போகட்டும் என்று வயரைப் பிடுங்கிக்கொண்டு உளுந்து, வெந்தய மூட்டைகளிடம் உருண்டு ஓடினாள்.

"பிள்ளைகளா, பள்ளிக்கூடத்துக்கு வாங்க!"

உளுந்து விறைப்பாக நின்றது. "பாவம் பார்த்துக் கூப்பிடுறீங்களா டீச்சர்? எங்களுக்கு யார் இரக்கமும் வேணாம்."

"அடி போடி இவளே! உங்களைப் பார்த்து யாரு பாவப்பட்டா? நீங்க இல்லாம அங்க அரிசி உருப்படாமப் போயிட்டிருக்கு, கிளம்புங்கடி!"