இடப்பக்கம் சாயும் வண்டி

தோப்பு முதலாளி ராமபத்திரன் வேலையாட்களை ஏற்றிப் போகும் பழைய பிக்கப் வண்டி பின்னால் இடப்பக்கமாகவே சாயும். ஸ்பிரிங் பட்டையை மாற்றி மாற்றிப் போட்டும் அதே கதைதான். ஊரே பார்க்கப் பட்டறைக்கு வந்து கத்தினார்: "இனிமே வண்டி சாஞ்சா உன் பட்டறை இங்க இருக்காது."

மெக்கானிக் மாயழகு கையைத் துடைத்துக்கொண்டான். "புதுப் பட்டை போட்டாச்சுங்க. அதுவும் படுத்துரும். ஊர் ஆளுங்க நாலு பேரு வலப்பக்கம் காலை நீட்டி உட்கார்றாங்க. மேல பட்டுரக் கூடாதுன்னு எங்க காலனி ஆளுங்க அத்தனை பேரையும் இடப்பக்கம் நெருக்கி நிக்க வைக்கிறீங்க. கலந்து ஏத்துங்க, சாயாது."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். முதலாளி வண்டியேறினார்.

மறுநாள் காலை, பக்கத்துக்கு இரண்டு ஊர் ஆட்களோடு வண்டி சாயாமல்தான் பட்டறையைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய புழுதியில் காலனி ஆட்கள் நடந்து போனார்கள்.