மேகம் என்று எழுதிய இரவு

ஞானக் கதை என்றால் குருவுக்குத் தாடி வேண்டும் என்பார்கள். இந்தக் கதையில் தாடி சீடனுக்கு. அதுவும் பாதி நரைத்துவிட்டது.

சீடன் இருதயராஜ். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திவிட்டு, நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு விண்மீன் ஆராய்ச்சிக்கு வந்தவர். குரு தமயந்தி, மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்குப் பொறுப்பாளர், சீடனைவிட ஏழு வயது இளையவர். அவரை இருதயராஜ் ‘மேடம்’ என்பார். தமயந்தி பதிலுக்கு ‘சார்’ என்பார். வாத்தியாராக இருந்தவரை வேறெப்படிக் கூப்பிடுவது?

ஒவ்வொரு காலையும் முந்தைய இரவின் குறிப்பேட்டுப் பக்கத்தில் தமயந்தி கையெழுத்துப் போட வேண்டும். அன்று எட்டரை மணிக்கு இருதயராஜ் குறிப்பேட்டை அவர் மேசைமேல் வைத்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

“மேடம், ஒரு கேள்வி.”

“கேளுங்க சார்.”

“எண்ணூறு கோடி வருஷம் தப்பாம வந்த வெளிச்சம், பத்து நிமிஷத்துல தப்பிப் போகுமா?”

தமயந்தி பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். இரவு பதினொரு மணிக்குச் செயற்கைக்கோளிலிருந்து போனுக்குச் சேதி வந்தது. எங்கோ தொலைவில் வேறொரு விண்மீன் திரளில் ராட்சத விண்மீன் ஒன்று செத்து விழுந்திருக்கிறது. காமாக் கதிர் வெடிப்பு. சூரியன் தன் ஆயுள் முழுக்கக் கொட்டுகிற சக்தியைச் சில நொடியில் கொட்டிவிட்டு அடங்கிவிடும். அப்புறம் மிஞ்சுவது அணைகிற கரித்துண்டு போல ஒரு பின்னொளி. அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மங்கும்.

மலையில் ஒரு விதி உண்டு. சேதி வந்தால், யார் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுத் தொலைநோக்கிக் குழாயை அந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும். நேற்று அந்த நேரத்தில் மற்ற இடங்களில் எல்லாம் பகல், இல்லாவிட்டால் மழை. பார்க்க முடிந்தது இந்த மலைக்கு மட்டும்தான்.

இருதயராஜ் அப்போது தன் ஆய்வுக்காக ஒரு மங்கலான விண்மீனை ஐம்பது நிமிடமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடம் பாக்கி.

“திருப்பிடலாமா சார்?” என்று கேட்டார் காத்தமுத்து. தொலைநோக்கியை இயக்குபவர் அவர்தான்.

“இருங்க, இது முடியட்டும்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பானேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். படம் முடிந்தது, குழாய் திரும்பியது. குறி வைப்பதற்குள் கிழக்கிலிருந்து மேகம் வந்து மூடிவிட்டது. விடியும்வரை விலகவில்லை. விடிகிற நேரத்தில் வேறொரு கண்டத்துப் பெரிய தொலைநோக்கி, மிச்சம் மீதி வெளிச்சத்தை வைத்துத் தூரத்தைச் சொன்னது. அந்த முதல் சில மணி நேரத்து வெளிச்சம் மட்டும் உலகத்தில் யாரிடமும் இல்லை.

இதெல்லாம் குறிப்பேட்டுப் பக்கத்தில் இல்லை. ‘வானம்’ என்ற இடத்தில் ‘மேகம்’ என்று ஒரே சொல். கீழே இருவர் கையெழுத்து.

“மேகம் எத்தனை மணிக்கு வந்தது சார்?”

இருதயராஜ் தாடியைத் தடவினார். எத்தனை பிள்ளைகளை இப்படி மேசைக்கு முன்னால் நிற்க வைத்திருப்பார்!

“பதினொன்னே காலுக்கு.”

“சேதி?”

“பதினொன்னுக்கு.”

“வானம் எப்படின்னு எழுதுறது காத்தமுத்து வேலையாச்சே. அவராவா மேகம்னு எழுதினார்?”

“நான்தான் எழுதச் சொன்னேன்.” வெட்கத்தில் குரல் உள்ளே போயிற்று. “முழுப் பொய் இல்லையே மேடம். மேகம் வந்துச்சே. விதியை மீறினேன்னு வெளிய தெரிஞ்சா, இந்த வயசுல எனக்கு யாரு தொலைநோக்கி குடுப்பாங்க?”

தமயந்தி எழுந்துபோய் இரும்பு பீரோவைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு குறிப்பேட்டை உருவி, தேடாமலே ஒரு பக்கத்தைத் திருப்பி நீட்டினார். பதினொரு வருடத்துக்கு முந்தைய பக்கம். வானம்: மேகம். கையெழுத்துகளில் ஒன்று தமயந்தியுடையது.

“அன்னைக்கும் மேகமா மேடம்?”

“பொட்டு மேகம் கிடையாது.”

இருதயராஜ் அந்தப் பழைய பக்கத்தை மறுபடி பார்த்தார்.

“இதே மாதிரி ஒரு வெடிப்பு. இது நிஜமா இருக்காது, செயற்கைக்கோள் ஏதோ உளறுதுன்னு நினைச்சேன். அப்ப முனிரத்தினம் அண்ணன்தான் குழாயைத் திருப்புறவர். ‘எதுக்கும் பார்த்துடலாம் மேடம்’னார். உங்க வேலையைப் பாருங்கன்னேன். விடிஞ்சப்புறம் தெரிஞ்சுது, நிஜம்னு. மேகம்னு எழுதச் சொன்னேன். எழுதினார்.”

“வேற யாருக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“அப்ப தப்பிச்சிட்டீங்க.”

தமயந்தி சிரிக்கவில்லை.

“அண்ணன் தினமும் வெளிய போய் அண்ணாந்து பார்த்துட்டு வருவார். ‘இன்னைக்குக் கழுவி விட்டாப்புல இருக்கு மேடம்’, ‘வானத்துக்குச் சளி பிடிச்சிருக்கு மேடம்’னு ஏதாவது சொல்லிக்கிட்டே எழுதுவார். மறுநாளும் போனார், பார்த்தார், வந்தார். பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு, ‘வானம் எப்படின்னு எழுதட்டும் மேடம்?’னு கேட்டார்.”

“குத்திக் காட்டினாரா?”

“குத்திக் காட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார். நிஜமாவே கேட்டார். ரிட்டயர் ஆகுற வரைக்கும், ஏழு வருஷம், தினமும் கேட்டார். நானும் தினமும் சொன்னேன்.”

“ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே மேடம்.”

“தினமும் பார்க்குற ஆள்தானே, நாளைக்குக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். ரிட்டயர் ஆன மறு வருஷம் போய்ச் சேர்ந்துட்டார்.”

பதினொரு வருடம் ஆகியும் அந்த வருத்தம் அவரிடம் பழசாகவில்லை. இருதயராஜால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைமேல் இருந்த தன் பக்கத்தைப் பார்த்தார். காத்தமுத்து அந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றது ஞாபகம் வந்தது. அப்போது அதைக் கவனிக்காதது போல இருந்துவிட்டார்.

“இதைத் திருத்தினா எனக்குத் தொலைநோக்கி இல்லாம போயிடுமே மேடம்.”

“போகலாம்.”

“அந்த வெளிச்சமாவது திரும்பி வருமா?”

“வராது.”

“அப்புறம் எதுக்கு மேடம்?”

தமயந்தி பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, குறிப்பேட்டின் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

“காத்தமுத்து இன்னும் கேன்டீன்லதான் இருக்கார் சார். மலையிறங்குற வண்டி ஒன்பதுக்கு. இதை அவர் கையில குடுத்துட்டு, ராத்திரி வானம் எப்படி இருந்துச்சுன்னு நீங்க கேளுங்க.”