ஒரே வளையில் மூங்கில் அரிசி

காட்டோடைக் கரையில் ஒரு மருத மரம். அதன் அடியில் கட்டையன் என்ற எலியும் அவன் மனைவி செம்பியும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். அந்த வருஷம் காடெங்கும் மூங்கில் பூத்து அரிசி கொட்டியது. இருவரும் வாய் வலிக்கச் சுமந்தார்கள். மழைக்காலத்தில் செம்பிக்குக் குட்டிகள் பிறக்கும். வெளியே தலைகாட்ட முடியாது. அதுவரை சேர்ப்பதுதான் சாப்பாடு.

கட்டையன் அத்தனையையும் வளைக்குள்ளேயே குவித்தான். கொஞ்சத்தைப் பாறை இடுக்கில் வைப்போம், கொஞ்சத்தைக் கரையான் புற்றில் வைப்போம் என்று செம்பி சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அங்கங்கே வைத்தால் யார் காவல் போவது? இங்கே என்றால் வாசலில் தான் ஒருவன் உட்கார்ந்தால் போதும், எந்தத் திருடன் வருவான் என்று மீசையை முறுக்கினான்.

"திருடன் மட்டும்தான் வருவானா? ஓடை வராதா?" என்றாள் செம்பி.

"இந்த ஓடையா? என் வால் நனையக்கூடத் தண்ணி இல்லை."

பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை வற்றியது. இந்த மனுஷனிடம் பேசுவதை விடச் சுமப்பதே மேல் என்று, தன் பங்கைப் பாறை இடுக்கிலும் புற்றிலுமாகக் கொண்டுபோய் வைத்தாள். வேலையற்ற வேலை என்று அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு மத்தியானம் ஓடை கரை மீறியது. வாசலில் காவல் இருந்த கட்டையனைத்தான் வெள்ளம் முதலில் உருட்டியது. இருவரும் வேரைப் பிடித்து மேலேறித் தப்பியதே பெரிது. வளையில் இருந்த அரிசி மொத்தமும் தண்ணீரோடு போயிற்று.

நனைந்த உடம்போடு புற்றுக்கு ஓடினார்கள். காட்டுப்பன்றி அதைக் கிளறித் தின்றுவிட்டுப் போயிருந்தது. கட்டையன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். பிறக்கப்போகும் குட்டிகளுக்கு என்ன செய்வது என்று புலம்பினான். செம்பி அவனைப் பாறைக்கு இழுத்துப் போனாள். இடுக்கில் அரிசி வைத்தபடியே உலர்ந்து கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

குட்டிகள் அந்த இடுக்கிலேயே பிறந்தன. அரை வயிறும் கால் வயிறுமாக மழைக்காலத்தைத் தள்ளினார்கள். வெயில் எட்டிப் பார்த்த அன்று கட்டையன் நெடுநேரம் யோசித்தான்.

"செம்பி, நான் பண்ணினது தப்புதான்."

அவள் ஆவலோடு நிமிர்ந்தாள்.

"எல்லாத்தையும் முதல்லயே இந்தப் பாறையில வெச்சிருக்கணும். இனிமே எது கிடைச்சாலும் மொத்தமா இங்கேதான்."

செம்பி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"புத்துக்குப் பன்றி வரும்னு எனக்குத் தெரியாதுங்க. இந்தப் பாறை தப்பிக்கும்னும் தெரியாது. தெரியாததாலதான் பிரிச்சு வெச்சேன்."

ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால், எவ்வளவு நல்ல இடமானாலும், பிழைப்புக்கு வேண்டியது முழுவதையும் அந்த ஓர் இடத்தை நம்பி வைக்கக் கூடாது.