ஒரே வலிக்கு மூன்று மருந்து

திரவியத்துக்கு வயது ஐம்பத்தாறு. அம்பாசமுத்திரத்தில் முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவர். மூலிகை வைத்தியம் படிக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. கடையை மகனிடம் விட்டுவிட்டு, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான சித்த வைத்தியர் பொற்கொடியிடம் சீடராகச் சேர்ந்தார். அவர் பொற்கொடியை வைத்தியரம்மா என்றார். பொற்கொடி அவரை அண்ணாச்சி என்றார்.

சேர்ந்த மூன்றாம் வாரமே குழப்பம் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். மாதவிலக்கு நாளில் அடிவயிற்றைப் பிசைகிறது என்றாள். சுக்கும் சோம்பும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, கருப்பட்டி கலந்து குடிக்கச் சொன்னார் பொற்கொடி. திரவியம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண். அதே வலி. அவளுக்கு உளுந்தங்களியும், இடுப்பில் நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடமும். கஷாயமே கிடையாது. திரவியம் முதலில் எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதினார்.

வெள்ளிக்கிழமை நர்சிங் தேர்வுக்குப் படிக்கிற பெண். அதே வலிதான். பொற்கொடி அவளோடு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்கத் தேர்வு பயமும் தூக்கமில்லாமையும். கிளம்பும்போது, "பத்து மணிக்குப் படுத்துடு. டீயைக் குறைச்சுட்டுச் சீரகத் தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான்.

திரவியத்தால் பொறுக்க முடியவில்லை.

"வலி ஒண்ணுதானே வைத்தியரம்மா. மருந்து ஏன் மூணு?"

"வலி ஒண்ணுன்னு யார் சொன்னா?"

"மூணு பேரும் ஒரே வார்த்தையைத்தானே சொன்னாங்க."

"ஆமா. வந்ததும் அந்த வார்த்தையைத்தான் சொல்லுவாங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திரவியம் அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். கடையில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. வலி என்று கேட்டால் ஒரு மாத்திரை.

அடுத்த வாரம் பொற்கொடி பக்கத்து ஊருக்கு முகாமுக்குப் போனார். "யார் வந்தாலும் நாளைக்கு வரச் சொல்லுங்க. மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பதினோரு மணிவாக்கில் ஜெபமலர் வந்தாள். பத்தொன்பது வயது. நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள். உள்ளே ஆண்பிள்ளை இருப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"வயித்து வலி."

"மாசாமாசம் வர்றதா?"

தலையாட்டினாள். அவருக்கும் கூச்சம். அலமாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். நாளைக்கு வா என்று சொல்ல வாயெடுத்தார். வாடிப்போய் நிற்கிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. சுக்கும் சோம்பும் பொட்டலம் கட்டி, காய்ச்சும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் போன பிறகு மனசு லேசாக இருந்தது.

ஐந்தாம் நாள் தோழி ஒருத்தி ஜெபமலரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

பொற்கொடி அவளை உள்ளே படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே சொல்ல ஆரம்பித்தாள். வலி அந்த நாட்களில் மட்டுமில்லை, ஐந்து மாதமாக எல்லா நாளும் உண்டு. ஒரு பக்கமாகவே இழுக்கிறது. லீவு கேட்டால் ஏச்சு விழும் என்று தினமும் இரண்டு மாத்திரை போட்டு வேலைக்கு நின்றிருக்கிறாள். நேற்றிலிருந்து நிமிர முடியவில்லை.

பொற்கொடி ஆட்டோ வரவழைத்துத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சினைப்பையில் கட்டி முறுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்களாம். ஜெபமலர் தப்பித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் திரவியம் வைத்தியசாலைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது பொற்கொடி கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க சொல்லை மீறிட்டேன்."

"ஆமா."

"ஆனா மருந்துல தப்பில்லையே? நீங்க சொன்ன அதே சுக்கு, அதே சோம்பு, அதே அளவு."

"மருந்துல தப்பில்ல அண்ணாச்சி."

திரவியம் நோட்டைப் புரட்டினார். அடித்ததும் திருத்தியதுமாகப் பக்கம் பக்கமாகக் கிடந்தது.

"அப்போ அந்தப் பிள்ளைக்கு உளுந்தங்களி சொல்லியிருக்கணுமா? சீரகத் தண்ணியா? எனக்கு ஒண்ணும் விளங்கல. அவ வந்து நின்ன உடனே நான் என்னதான் கொடுத்திருக்கணும்?"

பொற்கொடி அரைக்கிற கையை நிறுத்தினார்.

"உக்கார ஒரு நாற்காலி."