எண்ணாமல் விட்ட கண்ணி

“எனக்கு இது வராது டீச்சர். பிரிச்சுப் பிரிச்சு நூலே நைஞ்சுபோச்சு.”

மரகதவல்லி பின்னலை மேஜைமேல் போட்டாள்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோத்தகிரிக் குளிரில் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் கையாலேயே ஒரு லேஸ் சால்வை பின்ன வேண்டும் என்றுதான் இந்த வகுப்பில் சேர்ந்தாள். நடுவில் மட்டும் வரிசையாகத் துளைகள் இறங்கும் எளிய பின்னல். அவளுக்கு ஒரு துளைகூட விழவில்லை. சால்வையோ போகப் போகக் குறுகிக்கொண்டே வந்தது.

ஹெப்சிபா டீச்சருக்கு அவள் மகள் வயதுதான். அதிகம் பேசமாட்டாள்.

“ஊசியில எத்தனை கண்ணி போட்டு ஆரம்பிச்சீங்க?”

“நாற்பத்தொண்ணு.”

“இப்போ?”

“முப்பத்துநாலு. எங்கதான் போகுதோ!”

“நடுவுல என்ன செய்றீங்க?”

“நீங்க சொன்னதுதான். ரெண்டு கண்ணியைச் சேர்த்து ஒண்ணாப் பின்றேன். பக்கத்துலயே நூலை ஊசிமேல ஒரு சுத்து சுத்துறேன்.”

“செய்யுங்க, பார்க்கிறேன்.”

மரகதவல்லி ஒரு வரிசை பின்னினாள். சரியாகவே இருந்தது.

திருப்பிப் பிடித்து அடுத்த வரிசை பின்னும்போது, நடுவில் சுற்றிவிட்டதில் தொளதொளவென்று கிடந்த நூலை ஊசியிலிருந்து நழுவவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். நழுவிய நூலை எடுத்து மறுபடியும் ஊசியில் ஏற்றினாள்.

“எண்ணுங்க.”

மரகதவல்லி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அந்த நூலைத் தாண்டிப் போனாள்.

டீச்சர் அவள் விரலைத் திரும்பக் கொண்டுவந்து அந்த நூல்மேல் வைத்தாள்.

“இது கண்ணி இல்லையே டீச்சர். கீழே ஒண்ணுமே இல்ல. வெறும் ஓட்டை.”

“ஆமாம். அதையும் எண்ணுங்க.”

“ஓட்டையையா?”

டீச்சர் தலையசைத்தாள். பிடித்த விரலை விடவில்லை.

மரகதவல்லி எண்ணினாள். முப்பத்துநாலு. ஒன்றும் குறையவில்லை. ரெண்டைச் சேர்த்ததில் போன ஒன்றை அந்தச் சுற்று ஈடுகட்டியிருந்தது.

அந்த நூலுக்குள் ஊசியை விட்டுப் பின்னினாள். அடியில் சின்னதாக ஒரு துளை திறந்துகொண்டது.

அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலேயே, முழுவதையும் பிரித்துப் புதிதாக ஆரம்பித்தாள்.

சால்வை ஒரு முழம் வளர்ந்திருந்தபோது, வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஷமீம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பேரக்குழந்தைக்கா அக்கா? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

இந்தக் கேள்விக்கு மரகதவல்லியிடம் பல வருஷமாக ஒரே பதில்தான். ‘ஒரே பொண்ணு.’ அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கை நின்றது.

“ரெண்டு,” என்றாள்.

எதிரே நூல் சுற்றிக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

“மூத்தவன் பையன். செழியன்னு பேரு. ஆறு வயசுல காய்ச்சல்ல போயிட்டான்.”

ஷமீம் உச்சுக்கொட்டவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்து கேட்டாள்:

“எப்படி இருப்பான்க்கா?”

அப்படி யாரும் அவளிடம் கேட்டதே இல்லை.

“அவனா? சரியான வாலு!”

மரகதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னலை மடியில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.